உடலின் கிட்டங்கியும் இன்சுலின் சரக்கும்

கம்போங் ராஜாவிலும் புளூவேலிப் பக்கத்திலும் கடை நடத்தும் நம் சகோதரர்களுக்குத் தேயிலையைப் பற்றி நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1929ஆம் ஆண்டில் ரஸ்ஸல் துரை 'போ' தோட்டத்தைத் தொடங்கிய காலமுதல் நெடுநாள் இம்மலையில் கொழுந்து கிள்ளியவர்களில் நம் தமிழர் ஏராளம். ஆனால் பறிக்கும்போது பச்சையாய் இருக்கும் கொழுந்து, ஆலையில் உருட்டிய சற்று நேரத்தில் செம்பு நிறம் கொள்வானேன்? வெளியிலிருந்து யாரும் சாயம் சேர்ப்பதில்லையே!

இலையின் ஒவ்வொரு உயிரணுவும், அதாவது ஸெல்லும், பல அறைகள் கொண்ட ஒரு கிட்டங்கி. துவர்ப்புப் பொருள் ஓர் அறையில் அடைபட்டிருக்கிறது. அதைக் கறுக்கச் செய்யும் நொதி வேறோர் இடத்தில் இருக்கிறது. உருட்டும்போது சுவர்கள் உடைந்து இரண்டும் கலக்கின்றன, காற்றும் சேர்கிறது. நிறமும் மணமும் பிறக்கின்றன. பச்சைத் தேயிலை செய்வோர் முதலிலேயே சூடு காட்டி நொதியைச் செயலற்றதாக்கிவிடுவதால் அது பச்சையாகவே நிற்கிறது. ஆக, நாம் விற்கும் தேயிலையின் குணமெல்லாம் அறைச்சுவர் உடைவதில் இருக்கிறது.

நம் உடலின் உயிரணுவிலும் இத்தகைய அறைகள் உண்டு. ஆனால் இங்கே சுவர் உடையாமல் இருப்பதில்தான் வாழ்வு இருக்கிறது. இவ்வறைகளுக்கு உயிரணு உறுப்புகள் என்று பெயர். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னால் பள்ளிக்கூடப் பாடமாகிவிடும். ஆகவே நம்மில் பலரைப் பிடித்து ஆட்டும் சர்க்கரை வியாதியோடு சேர்த்தே சொல்வோம். மலேசியாவில் 2019ஆம் ஆண்டின் சுகாதார ஆய்வில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு இந்நோய் காணப்பட்டது. கல்லாவில் நாள் முழுதும் உட்கார்ந்து, கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக்கைத் தட்டாமல் பருகும் நம் கூட்டத்திற்கு இதைத் தனியே விளக்கவும் வேண்டுமோ?

வயிற்றின் பின்புறம் கணையம் என்ற உறுப்பு இருக்கிறது. அதில் தீவு தீவாய்ச் சிதறிய சில உயிரணுக்கள்தாம் இன்சுலின் செய்பவை. உயிரணுவின் நடுவே உட்கரு. அதைக் கடையின் பேரேடு எனலாம். எந்தப் பேரேட்டையும் முதலாளி வெளியே அனுப்பமாட்டார். வேண்டிய பக்கத்தை மட்டும் சிட்டையில் எழுதிக் கொடுப்பார். அப்படியே இன்சுலினுக்கான பக்கம் மட்டும் நகலாகி வெளியே வருகிறது.

அந்தச் சிட்டையைப் படித்துச் சரக்குச் செய்பவை ரைபோசோம்கள். மூன்று மூன்று எழுத்தாகப் படித்து, ஒவ்வொரு மும்மைக்கும் ஓர் அமினோ அமிலத்தைக் கோத்துக்கொண்டே போகின்றன. ஒரு மில்லிமீட்டரை நாற்பதாயிரம் கூறாக்கினால் ஒரு கூறின் அளவுதான் இவை ஒவ்வொன்றும்! இவற்றின் உள்ளமைப்பை வெளிப்படுத்தியதற்காக 2009ஆம் ஆண்டில் ரசாயன நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன். 1952ஆம் ஆண்டில் நம் சிதம்பரத்தில் பிறந்தவர். பறங்கிப்பேட்டையாருக்கு இது பக்கத்து ஊர்ச் சேதியன்றோ!

முதலில் கோக்கப்படும் சங்கிலியில் 110 மணிகள். அதன் முனையிலுள்ள 24 மணிகள் முகவரிச் சீட்டு மாதிரி. சரக்கை உட்சவ்வுப் பின்னல் என்ற மடிப்பு மடிப்பான அறைக்குள் கொண்டு சேர்த்ததும் வெட்டப்பட்டுவிடும். அங்கே சங்கிலி மடிந்து உருப்பெறுகிறது. பின்னர் கோல்கி உறுப்புக்குப் போகிறது. 1898ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் கோல்கி கண்டறிந்த இது, சரக்கைத் தரம் பிரித்துப் பைகளில் கட்டும் இடம். பைக்குள் நடுத்துண்டான 31 மணிகளும் இணைப்பு மணிகள் நான்கும் கழிந்து, 51 மணிகள் கொண்ட அசல் இன்சுலின் துத்தநாகத்தோடு சேர்ந்து படிகமாக உறைகிறது. கணையத்தில் சரக்கு இவ்வாறு அறை அறையாய்ப் பயணம் செய்வதைத் தொடர்ந்து பார்த்து நிரூபித்தவர் ஜார்ஜ் பலாடே. கினிப்பன்றி என்ற சிறு பிராணியிலே பார்த்தார். (பெயரில்தான் பன்றி, இனத்தால் எலிக்கு உறவு.)

சரக்குத் தயார். எப்போது அனுப்புவது? அதைத் தெரிவிப்பது மைட்டோகாண்ட்ரியா. சர்க்கரையை எரித்துச் சக்தியாக்கும் அடுப்பு இது. இரத்தத்தில் சர்க்கரை ஏறினால் அடுப்பில் சக்தி மிகும்; அதனால் உயிரணுவின் மேற்சவ்விலுள்ள பொட்டாசிய வாசல் மூடும்; கால்சியம் உள்ளே பாயும்; பைகள் விளிம்பில் ஒட்டி வாய் திறக்கும். கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் அதே பொட்டாசிய வாசலைத்தான் மூடுகின்றன. ஆகவேதான் அவற்றை விழுங்கிவிட்டுச் சாப்பிடாதிருந்தால் மயக்கம் வருகிறது.

விற்காமல் பழசாகும் சரக்கை லைசோசோம் என்ற பை கரைத்துவிடுகிறது. கரைக்கும் நொதிகள் வெளியே சிந்தாமல் சவ்வுக்குள் அடங்கியிருப்பது அல்லாஹுத்தஆலாவின் குத்ரத். இதைக் கண்ட டி டூவ், இன்சுலின் ஈரலில் என்ன செய்கிறதென்று தேடும்போதுதான் 1955ஆம் ஆண்டில் இதற்குப் பெயரிட்டார். அவரும் பலாடேயும் ஆல்பர்ட் கிளாடும் 1974ஆம் ஆண்டில் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இனி, நம்மவர் பலர் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் விஷயத்திற்கு வருவோம். "இன்சுலின் பன்றியிலிருந்து எடுப்பதாமே?" என்று ஊசியைத் தள்ளிப் போடுவோர் இன்றும் உண்டு. 1922ஆம் ஆண்டில் டொராண்டோவில் முதல் நோயாளிக்குப் போட்ட காலத்திலிருந்து அறுபது ஆண்டுகள் மாட்டின் கணையமும் பன்றியின் கணையமுமே மூலப்பொருள் என்பது உண்மை. மனித இன்சுலினுக்கும் மாட்டினதற்கும் மூன்று மணிகள் வித்தியாசம்; பன்றியினதற்கு ஒன்றே ஒன்று. ஆனால் 1982ஆம் ஆண்டில் மனிதப் பேரேட்டின் அந்தப் பக்கத்தைப் பாக்டீரியாவுக்குக் கொடுத்துச் செய்த இன்சுலின் விற்பனைக்கு வந்தது. பாக்டீரியாவுக்கு உட்கருவும் இல்லை, கோல்கியும் இல்லை. ரைபோசோம் உண்டு, அதுவே போதுமானதாயிற்று! மடித்து வெட்டும் வேலையை ஆலையில் மனிதர் செய்துகொண்டனர். இன்று பெரும்பாலும் வழங்குபவை பாக்டீரியாவிலோ ஈஸ்டிலோ செய்தவையே. ஐயமுள்ளவர்கள் தம் மருந்தின் மூலத்தை மருந்தகத்தில் கேட்டறியலாம். வேறு வழியற்ற நிலைக்கு மார்க்கத்தில் சலுகை உண்டென்பதையும் ஆலிம்கள் சொல்வார்கள். கேட்காமலே ஊசியை நிறுத்துவது மட்டும் கூடாது.

நோன்பு வைக்க எண்ணும் சர்க்கரை நோயாளிகள் ரமலானுக்குச் சில வாரங்கள் முன்பே டாக்டரைக் கண்டு, மாத்திரையின் அளவையும் ஊசியின் நேரத்தையும் ஸஹருக்கும் இஃப்தாருக்கும் ஏற்றபடி மாற்றிக்கொள்ள வேண்டும். சிலரை நோன்பே வேண்டாமென்று டாக்டர் தடுப்பார். விரலில் குத்தி இரத்தம் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பது உலமாக்களின் பரவலான கருத்து. அப்படிப் பார்க்கையில் அளவு 3.9க்குக் கீழே, பழைய கணக்கில் 70க்குக் கீழே இருந்தால், மஃரிபுக்குப் பத்து நிமிடமே பாக்கி என்றாலும் உடனே நோன்பைத் திறந்து இனிப்பு ஏதேனும் உட்கொள்ள வேண்டும்.