மின்கலத்தைக் காக்கும் மெல்லிய படலம்

திறன்பேசியின் மின்கலத்தை நூற்றுக்கணக்கான முறை மின்னேற்றம் செய்து பயன்படுத்தலாம். அது அவ்வாறு நெடுநாள் உழைப்பதற்கு அதனுள் இருக்கும் ஒரு திரவமும் காரணம். அத்திரவத்தின் பெயர் மின்பகுளி.

லித்தியம் அயனி மின்கலத்தில் இரு மின்முனைகளுக்கு இடையே மின்பகுளி இருக்கும். மின்னேற்றம் செய்யும்போது லித்தியம் அயனிகள் அதன் வழியாக நேர்மின்முனையிலிருந்து எதிர்மின்முனைக்குச் செல்கின்றன. திறன்பேசியைப் பயன்படுத்தும்போது அவை வந்த வழியே திரும்புகின்றன.

எல்லாத் திரவங்களும் இப்பணிக்கு ஏற்றவை அல்ல. கோட்பாட்டளவில், 1.23 வோல்ட் மின்னழுத்தமே நீரைப் பிரிக்கப் போதுமானது. லித்தியம் அயனி மின்கலத்தின் மின்னழுத்தமோ ஏறத்தாழ 3.7 வோல்ட். ஆகவே, நீருக்குப் பதிலாகக் கரிமக் கரைப்பான்களில் லித்தியம் உப்பைக் கரைத்து மின்பகுளியைத் தயாரிக்கின்றனர்.

இக்கரைப்பான்களிலும் ஒரு சிக்கல் எழுந்தது. எதிர்மின்முனைக்கு ஏற்ற பொருளான கிராஃபைட், தாள்களை அடுக்கியது போன்ற அமைப்புடையது. புரொப்பிலீன் கார்பனேட் என்னும் கரைப்பான் அந்த அடுக்குகளை உரித்துச் சிதைத்தது. எத்திலீன் கார்பனேட்டைச் சேர்த்தால் இச்சிதைவு பெரிதும் குறைவதைக் கனடா நாட்டு ஆய்வாளர்கள் 1990ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

இதற்குக் காரணம் என்ன? முதல் மின்னேற்றத்தின்போது மின்பகுளியின் ஒரு சிறு பகுதி சிதைந்து, கிராஃபைட்டின் மேல் மிக மெல்லிய படலமாகப் படிகிறது. அப்படலம் லித்தியம் அயனிகளுக்கு வழிவிடுகிறது, எலெக்ட்ரான்களைத் தடுக்கிறது. அதனால் எஞ்சிய திரவம் சிதையாமல் தப்புகிறது. சிறிதளவை இழந்து பெரும்பகுதியைக் காத்துக்கொள்வதே மின்பகுளியின் நிலைத்தன்மை.

புதிய தலைமுறை மின்கலங்களில் கிராஃபைட்டுக்குப் பதிலாக லித்தியம் உலோகத்தைப் பயன்படுத்த முயல்கின்றனர். கோட்பாட்டளவில் ஒரு கிராம் கிராஃபைட்டின் கொள்திறன் 372 மில்லிஆம்பியர் மணி. லித்தியத்திற்கோ அது 3,860. ஆனால், ஒவ்வொரு மின்னேற்றத்தின்போதும் இவ்வுலோகத்தின் பரும அளவு மாறுவதால் படலம் விரிசல் காண்கிறது. புதிய படலம் உருவாக மேலும் திரவம் செலவாகிறது. சில வேளைகளில் லித்தியம் ஊசிபோல் வளர்ந்து, மின்முனைகளைப் பிரிக்கும் மெல்லிய தடுப்பைத் துளைக்கும். அப்போது குறுக்குச்சுற்று ஏற்பட்டுத் தீப்பற்றலாம். 1970களில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் உருவாக்கிய மின்கலமும் இவ்வாபத்தை எதிர்கொண்டது. மின்கல ஆய்வுக்காக 2019ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவருள் அவரும் ஒருவர்.

இன்று ஆய்வாளர்கள் ஃபுளோரின் சேர்ந்த கரைப்பான்களையும் உப்புச் செறிவு மிகுந்த மின்பகுளிகளையும் சோதித்து வருகின்றனர். இவற்றால் உறுதியான படலம் உருவாகிறது. எனினும், உப்பு மிகுந்தால் திரவம் குழகுழப்பாகி அயனிகளின் வேகம் குறைகிறது; செலவும் கூடுகிறது. ஒரு குறையைத் தீர்க்கும்போது மற்றொன்று தலைதூக்குகிறது.

மின்கலத்தின் எதிர்காலம் அது சேமிக்கும் ஆற்றலை மட்டும் பொறுத்ததன்று. அந்த ஆற்றலுக்கு ஈடுகொடுத்து, சிதையாமல் நிலைத்திருக்கும் திரவத்தையும் பொறுத்தது.