மை காயும் முன்பே வாருங்கள்

காசிமேட்டிலும் எர்ணாவூரிலும் கத்திவாக்கத்திலும் ஊர்க் காரியம் என்று புதிதாகக் கிளம்பியிருக்கும் பிள்ளைகளுக்கு, கேட்டீர்கள் என்பதால் சொல்கிறேன். எண் போட்டிருக்கிறேனே தவிர, ஒன்றை முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும் என்றில்லை.

1. கட்டிடம் எழும்பிய பிறகு கொடி பிடிப்பதைவிட, கோடு போடும்போதே போய் நில்லுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் எழுந்தது. தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக ஓடிவந்த மணல் அதில் முட்டி நின்றது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் தொட்டுக் கடல் நம் கரையைத் தின்னத் தொடங்கியது. இன்றுவரை கருங்கல்லைக் கொட்டியும் தூண்டில் வளைவு போட்டும் அந்தக் கோட்டுக்கு நாம் வட்டி கட்டுகிறோம். இப்போது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் (சிஎம்டிஏ) 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாவது முழுமைத் திட்டத்தைத் தீட்டுகிறது. இன்று இருபது வயதில் இருப்பவருக்கு அது முடியும்போது நாற்பது ஆகிவிடும். அந்தத் திட்டத்துக்குள் முழுதாக வாழப் போவது நீங்கள்தான். நாங்கள் அல்ல.

2. வரைபடம் படிக்கப் பழகுங்கள். இதை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

1996இல் மத்திய அரசு ஒப்புதல் தந்த கடலோர மண்டல வரைபடத்தில், எண்ணூர்க் கழிமுகத்தின் ஏறத்தாழ 6,500 ஏக்கரில் கட்டுமானம் கூடாது என்று குறித்திருந்தது. பின்னால் புழங்கிய இன்னொரு வரைபடத்தில் அந்தக் கழிமுகமே இல்லை. கொசஸ்தலை ஆறு ஓடிக்கொண்டிருக்கிறது, ஜனங்கள் இறால் தடவிக்கொண்டிருக்கிறார்கள், காகிதத்தில் மட்டும் தண்ணீர் வற்றிவிட்டது! தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய தாள்களால்தான் 2017 வாக்கில் இது வெளிச்சத்துக்கு வந்தது. அந்த மனுவுக்குச் செலவு 10 ரூபாய்.

ஆகவே வரைபடம் ஒன்று கைக்கு வந்தால் அதை எடுத்துக்கொண்டு போய் நடந்து பாருங்கள். கூட, வயதான ஒரு மீனவரையும், நண்டு பிடிக்கும் ஓர் அம்மாவையும் அழைத்துப் போங்கள். மஞ்சள் மட்டி எங்கே கிடைத்தது, காக்கா ஆழி என்னும் வந்தேறி மட்டி எந்த இடத்திலிருந்து பரவியது, அனல் மின் நிலையத்துச் சாம்பல் குழாய் எங்கே உடைந்தது என்று அவர்கள் சொல்வதைத் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். மீனவ ஊர்களையும் அவர்கள் புழங்கும் பொது இடங்களையும் கடலோர வரைபடத்தில் காட்டியாக வேண்டும் என்று 2011ஆம் ஆண்டு கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையே சொன்னது. வலை காயப்போடும் இடம் விடுபட்டிருந்தால் அது உங்கள் முதல் ஆட்சேபணை.

3. மூக்கை நம்புங்கள், ஆனால் எழுதி வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தை மூடியது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் வரும் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பத்து ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஊர் எழுந்தது நாற்றத்தாலும் கண்ணெரிச்சலாலும்தான். மணி என்ன, வாடைக்காற்றா கடல்காற்றா, எந்தத் தெரு, எத்தனை பேருக்கு இருமல் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். "எப்பவும் நாறுதுங்க" என்றால் அதிகாரி தலையாட்டுவார். நாற்பது வரி தேதியோடு நீட்டினால் பேனாவை எடுப்பார்.

4. மேடையில் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வதற்குப் பெயர் பங்கேற்பு இல்லை. ரோஜர் ஹார்ட் என்பவர் 1992இல் யுனிசெஃபுக்கு எழுதிய சிறு நூலில் பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படிகளாகப் பிரித்தார். அலங்காரத்துக்கு நிறுத்துவது, பெயருக்கு அழைப்பது இரண்டும் கீழ்ப் படிகளில் இருக்கின்றன. பசுமை நகரம் என்று ஓவியப் போட்டி வைத்துச் சான்றிதழ் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், பாவம். கூடவே "எங்கள் யோசனையில் எது திட்டத்தில் ஏறியது, ஏறாததற்குக் காரணம் என்ன?" என்று எழுத்தில் கேளுங்கள்.

5. தமிழில் கேளுங்கள். மாநகராட்சி 2022இல் காலநிலைச் செயல்திட்ட வரைவை வெளியிட்டபோது முதலில் ஆங்கிலத்தில்தான் வந்தது. கேட்ட பிறகே தமிழும் வந்தது, அவகாசமும் நீண்டது.

6. பொது விசாரணைக்குப் போகிறவர்களுக்கு. 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கைப்படி குறைந்தது 30 நாள் முன்னதாக விளம்பரம் வர வேண்டும், திட்டச் சுருக்கம் உள்ளூர் மொழியில் கிடைக்க வேண்டும். கலெக்டரோ அவர் அனுப்பும் அதிகாரியோ தலைமை தாங்குவார். கோஷம் பேப்பரில் வரும். நடவடிக்கைக் குறிப்பில் ஏறுவது பக்க எண் சொல்லிக் கேட்ட கேள்விதான். ஆளுக்கு ஒரு கேள்வி என்று பிரித்துக்கொள்ளுங்கள்: ஒருவர் குடிநீர், ஒருவர் லாரிப் போக்குவரத்து, ஒருவர் முகத்துவாரம். முடிவில் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. பாதிப் பேர் பிரியாணிக்குக் கிளம்பிவிடும் நேரம் அதுதான். நீங்கள் உட்கார்ந்திருங்கள். சொன்னது விட்டுப்போயிருந்தால் அங்கேயே எழுந்து சொல்லுங்கள்.

7. கம்பெனியில் வேலை பார்ப்பவரை எதிராளி ஆக்காதீர்கள். உங்களில் பாதிப் பேர் வீட்டு அடுப்பு எரிந்தது அசோக் லேலண்டு, எம்ஆர்எஃப், அனல் மின் நிலையம், ஹார்பர் சம்பளத்தில். எண்ணூர் அனல் மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. காற்று கொஞ்சம் தெளிந்தது என்று ஒரு தெரு சொன்னால், ஒப்பந்த வேலை போனது என்று அடுத்த தெரு சொல்லும். இரண்டுமே உண்மைதான். 1918இல் மெட்ராஸ் தொழிலாளர் சங்கம் கண்ட வட்டாரம் இது. கேட்டு வாங்குவது இங்கே புதிது அல்ல. கசிவு எச்சரிக்கை மணி வேண்டும் என்று கேட்கும்போது ஷிப்டுக்குப் போகிறவரும் பக்கத்தில் நின்றால் அந்தக் கேள்விக்கு எடை கூடும். குழாய் எங்கே துருப்பிடித்திருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

8. வேண்டாம் என்பதோடு நிற்காமல், வேண்டும் என்பதையும் கேளுங்கள். 2021இல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்தது. ராத்திரி அங்கே இறங்கும் பெண் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் எப்படிக் கத்திவாக்கம் போவாள்? சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பையனுக்கு எண்ணூர் விரைவுச்சாலையில் இடம் எங்கே? ஃபுட்பால் ஆட மைதானம் எத்தனை? இதையெல்லாம் நகரத் திட்டம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

9. கூட்டத்தை வேலை நாளில் பகல் பதினொரு மணிக்கு வைத்தால் வருவது நாங்கள் கிழவர்கள்தான். மாலையில், வலை இறங்கி ஏலம் முடிந்த பிறகு, குப்பத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். பெண் பிள்ளைகள் வீடு திரும்பும் நேரத்தையும் கணக்கில் எடுங்கள்.

10. பகுதி சபாவைச் சின்ன விஷயம் என்று ஒதுக்காதீர்கள். 2022இல்தான் மாநகராட்சி வார்டுகளில் நடைமுறைக்கு வந்தது. பேச்சு பெரும்பாலும் சாக்கடை, தெருவிளக்கு. சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் கவுன்சிலருக்கு உங்கள் முகம் பழகுவது அங்கேதான்.

11. எழும்பூரில் சிஎம்டிஏ அலுவலகம் இருக்கும் தாளமுத்து நடராசன் மாளிகைக்குப் போகும்போது கடிதத்துக்கு இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைத் தபால் பிரிவில் கொடுத்து, மற்றதில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். அதை போனில் படம் எடுத்து, குழுவில் மூன்று பேரிடமாவது வைத்திருங்கள். கல்யாணம் ஆகி யாராவது ஊர் மாறினாலும் கோப்பு இங்கேயே இருக்கட்டும்.