பாலுணவு தொடங்கும்போது பிள்ளையின் வயிறு குழம்பினால்

ஊருக்குத் திரும்பியபின் அயலில் பசுப்பால் கிடைக்கும். முகாமில் வளர்ந்த சின்னப் பிள்ளைக்கு அது புதிய உணவு. சில பிள்ளைகளுக்கு வயிறு ஊதும், மலம் இளகும். பயப்பட வேண்டாம், காரணத்தை அறிந்து நடவுங்கள்.

எப்படித் தொடங்குவது?

• ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பால் மட்டும் கொடுங்கள். பிறகு மற்ற உணவுகளுடன் இரண்டு வயதுக்கு மேலும் தாய்ப்பாலைத் தொடருங்கள்.
• முதலில் குழைந்த சோற்றுடன் ஒன்றிரண்டு தேக்கரண்டி தயிர் கொடுங்கள். தயிரில் பாலின் இனிப்புச் சத்து குறைவு, இலகுவில் சமிக்கும்.
• மூன்று நாள் வேறு புதிய உணவு கொடுக்காமல் கவனியுங்கள். ஒத்துக்கொண்டால் அளவைக் கூட்டுங்கள்.
• ஒரு வயதுக்குமுன் பசுப்பாலைக் குடிக்கக் கொடுக்க வேண்டாம். அதன்பின் நன்றாகக் காய்ச்சி, ஆறவைத்து, கோப்பையில் கொடுங்கள். போத்தலும் சூப்பியும் வேண்டாம். அவற்றில் கிருமி தங்கும்.

பாலா, தண்ணீரா?

வயிற்றோட்டத்துக்குப் பாலே காரணம் என்று முடிவு செய்யாதீர்கள். பால்மா கரைத்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் காரணமாகலாம். நீண்டகாலம் பாவிக்காத கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்து குளோரின் இட வேண்டும். இதற்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் உதவியைக் கேளுங்கள். அதன்பின்னும் கொதித்தாறிய நீரையே கொடுங்கள்.

வயிற்றோட்டம் வந்தால்

தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்த வேண்டாம். ஒரு பக்கெற் ஜீவனியை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரையுங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு தடவை வயிற்றால் போனபின்னும் 50 முதல் 100 மில்லிலீற்றர் வரை கரண்டியால் பருக்குங்கள். 24 மணித்தியாலத்துக்குப்பின் மிச்சத்தை ஊற்றிவிடுங்கள்.

வயிற்றோட்டம் நின்றபின்னும் குடல் ஆறும்வரை சில நாட்களுக்குப் பசுப்பால் ஒத்துவராமல் இருக்கலாம். அதுவரை தயிர் கொடுத்து, பிறகு பாலைச் சிறிது சிறிதாகத் தொடங்குங்கள்.

உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்:

• மலத்தில் இரத்தம்
• குழிந்த கண்கள், சிறுநீர் குறைதல், சோர்வு
• குடிக்க முடியாமை, குடித்ததெல்லாம் வாந்தி
• பால் கொடுத்தபின் உதடு, முகம் வீங்குதல் அல்லது மூச்சுத்திணறல் (இந்தப் பிள்ளைக்கு வைத்தியரைக் கேட்காமல் மீண்டும் பாலுணவு எதுவும் கொடுக்க வேண்டாம்)

பிள்ளையின் கிளினிக் புத்தகம் இடப்பெயர்வில் தொலைந்திருந்தாலும் கிளினிக்குக்குப் போகத் தயங்காதீர்கள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பிள்ளையைப் பதிந்து, மாதந்தோறும் நிறை பாருங்கள்.