ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றும் முன்

காரின் ஆக்சிஜன் சென்சாரை வீட்டு வாசலிலேயே மாற்றிவிடலாம். 22 மில்லிமீட்டர் ஸ்பேனரும் அரை மணி நேரமும் இருந்தால் பல வண்டிகளில் வேலை முடிந்துவிடும். பணம் வீணாவது இதைச் சுற்றியுள்ள தவறான நம்பிக்கைகளால்தான்.

நம்பிக்கை: ஸ்கேனரில் சென்சார் பெயர் வந்தால் சென்சார் போய்விட்டது.

உண்மை: பெரும்பாலும் இல்லை. புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிஞ்சியிருக்கிறது என்று சொல்வதுதான் அதன் வேலை. பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று மிஞ்சினால் பழைய வகை சிர்கோனியா சென்சார் 0.1 வோல்ட் அளவில் காட்டும். பெட்ரோல் மிஞ்சினால் 0.9. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் சென்சார் இந்த இரண்டுக்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் அது உயிரோடுதான் இருக்கிறது. (புது வண்டிகளில் வரும் ‘வைட்பேண்ட்’ வகைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.)

ஸ்கேனரில் பி0171 என்ற கோளாறு எண் வந்தால் ‘காற்று அதிகம்’ என்று பொருள். வெடித்த வேக்கம் ஹோஸ், சோர்ந்த பெட்ரோல் பம்ப், சென்சாருக்கு முன்னால் சைலன்சர் குழாயில் விழுந்த ஓட்டை என்று எதுவும் காரணமாகலாம். என் வண்டிக்கு ஒரு பட்டறையில் புது சென்சார் போட்டார்கள். நான்காம் நாள் டாஷ்போர்டில் அதே எச்சரிக்கை லைட் மறுபடி எரிந்தது. குற்றவாளி விரல் நீள ரப்பர் ஹோஸில் இருந்த கீறல். பி0420 வந்தால் கேள்வி கன்வெர்ட்டரைப் பற்றியது. பி0135 வந்தால் முன் சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டரைச் சந்தேகப்படுவது நியாயம். அப்போதும் முதலில் ஃப்யூஸைப் பாருங்கள். பிறகு கனெக்டரைக் கழற்றி, சென்சார் பக்கத்தில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு ஒயர்களுக்கு நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். தொடர்பே காட்டாவிட்டால் ஹீட்டர் அறுந்திருக்கிறது.

நம்பிக்கை: பெட்ரோலில் ஊறவைத்துத் தேய்த்தால் பழைய சென்சார் புதிதாகிவிடும்.

உண்மை: ஆகாது. சென்சார் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகித்தான் வேலை செய்கிறது. சாதாரணக் கரி வண்டி நன்றாகச் சூடாகி ஓடும்போதே பெரும்பாலும் எரிந்துபோகும். சென்சாரைக் கொல்வது சிலிக்கான், ஆயில் சாம்பல், கூலன்ட் படிவு ஆகியவை. இவை கழுவினால் போவதில்லை. ஆயிலோ கூலன்ட்டோ என்ஜினுக்குள் எரிந்துகொண்டிருந்தால், அதைச் சரிசெய்யாமல் போடும் புது சென்சாரும் அதே கதிக்குத்தான் ஆளாகும்.

நம்பிக்கை: கசியாமல் இருக்க மரையில் சீலன்ட் தடவ வேண்டும்.

உண்மை: சாதாரண சிலிக்கான் சீலன்ட்டின் ஆவியே சென்சாருக்கு விஷம். கசிவைத் தடுக்க சென்சாரோடு வரும் வாஷர் போதும். மரை இறுகிப்போகாமல் காக்கும் பசையைப் பல சென்சார்களில் தயாரிக்கும்போதே தடவி அனுப்புகிறார்கள். கனெக்டரிலும் எண்ணெய், ஸ்பிரே எதுவும் வேண்டாம். பல சென்சார்கள் ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையான வெளிக்காற்றை ஒயர் வழியாகத்தான் இழுக்கின்றன.

நம்பிக்கை: என்ஜின் கொதிக்கும்போது கழற்றினால்தான் வரும்.

உண்மை: வெதுவெதுப்பு போதும். முந்தின இரவே, குழாய் ஆறியிருக்கும்போது, துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். மறுநாள் சில நிமிடம் என்ஜினை ஓட்டி நிறுத்தி, தோல் கையுறையோடு திருகுங்கள். இறுகினால் பலத்தைக் காட்டாமல் சற்று முன்னும் பின்னும் அசையுங்கள். மரை அடிபட்டால் சென்சாரைவிடப் பெரிய செலவு வரும். புதியதை முதலில் விரலாலேயே ஏற்றி, கையேட்டில் சொன்ன அளவுக்கு மட்டும் ஸ்பேனரால் இறுக்குங்கள். வண்டிக்கு அடியில் போக வேண்டியிருந்தால் ஜாக்கை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள். ஸ்டாண்ட் கொடுத்த பிறகே படுங்கள்.

நம்பிக்கை: பாட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினால் கோளாறு தீரும்.

உண்மை: லைட் அணையும், அவ்வளவுதான். புது சென்சார் போட்ட பிறகும் ஸ்கேனரில் கோளாறு எண்ணை அழித்துவிட்டு இரண்டு மூன்று நாள் வழக்கம்போல ஓட்டி, மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். அதே எண் திரும்பி வந்தால் இரண்டாவது சென்சார் வாங்காதீர்கள். ஹோஸையும் ஒயரையும் தேடுங்கள்.