நாடில்லாத ராஜாவின் கடிதங்கள்

பிரெஞ்சுப் புரட்சின்னா பாஸ்டில் சிறை, கில்லட்டின்... இவ்வளவுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். தப்பி ஓடிய அரச குடும்பத்தார் என்ன ஆனார்கள்? அவர்கள் எழுதி அனுப்பியவையே அந்தக் கதையைச் சொல்கின்றன.

1791 ஜூனில், ஒரே இரவில் அண்ணனும் தம்பியும் பாரிசை விட்டுக் கிளம்பினர். அண்ணன் பதினாறாம் லூயி வழியில் பிடிபட்டார். 1793 ஜனவரி 21-ல் அவர் தலை வெட்டப்பட்டது. தம்பியோ ஆங்கிலேயர் போல் வேடமிட்டு எல்லை தாண்டிவிட்டார். 1795-ல் அண்ணன் மகனும் சிறையில் இறந்துபோக, இவர் தன்னைப் பதினெட்டாம் லூயி என்று அறிவித்துக்கொண்டார். நாடில்லாத ராஜா!

மிரட்டல்:
அதே ஆண்டு இத்தாலியின் வெரோனாவிலிருந்து ஓர் அறிக்கை விட்டார். பழைய ஆட்சிமுறை திரும்பும், அண்ணனைக் கொல்ல ஓட்டுப் போட்டவர்களுக்குத் தண்டனை உண்டு என்றார். படித்தவர்கள் மிரண்டார்களே தவிர, யாரும் 'வாங்க ராஜா' என்று கூப்பிடவில்லை.

வேண்டுகோள்:
1800-ல் மிட்டாவ் நகரில் (இன்றைய லாத்வியா) ரஷ்யப் பேரரசரின் தயவில் இருந்துகொண்டு, அரியணையை மீட்டுத் தரும்படி நெப்போலியனுக்கே கடிதம் எழுதினார். நீங்கள் திரும்பி வருவதானால் ஒரு லட்சம் பிணங்களின் மேல் நடந்துதான் வரவேண்டும் என்று பதில் வந்தது! அடுத்த ஜனவரியில் ரஷ்யப் பேரரசரும் கைவிட்டார். கொட்டும் பனியில் அண்ணன் மகளோடு வார்சாவுக்குப் பயணம். 1803-ல், உரிமையை விட்டுக்கொடுத்தால் ஈடு தருவதாக நெப்போலியன் தூது விட்டபோது, முடியாது என்று எழுத்திலேயே மறுத்தார்.

சமாதானம்:
1813-ல் இங்கிலாந்தின் ஹார்ட்வெல் மாளிகையிலிருந்து வந்த அறிக்கையில் பழைய கோபமே இல்லை. அதிகாரிகளின் வேலை போகாது, சொத்துத் தகராறுகளைச் சமரசமாகத் தீர்க்கலாம் என்றார். 1814-ல் அரியணை ஏறியதும், புரட்சியில் கைமாறிய நிலங்கள் வாங்கியவர்களுக்கே என்று சாசனத்தில் எழுதியும் கொடுத்தார். 1815-ல் நெப்போலியன் திரும்பியதால் மறுபடி சில மாதம் ஓட நேர்ந்தாலும், 1824-ல் மன்னராகவே இறந்தார்.

அவருக்குப் பின் வந்த கடைசித் தம்பி பத்தாம் சார்லஸும் நாடுகடந்து வாழ்ந்தவர்தான். ஆனால் பழைய பிடிவாதம் மாறவில்லை. 1830-ல் மக்கள் மீண்டும் விரட்டிவிட்டனர்!

பட்ட கஷ்டம் இருவருக்கும் ஒன்றுதான். மூத்தவர் உரிமையை விடவில்லை, பழிவாங்கும் எண்ணத்தை விட்டார். இளையவர் எதையும் விடவில்லை, எல்லாம் போயிற்று. எதைப் பிடித்துக்கொள்வது, எதை விடுவது? நாமும் யோசிப்போமே!