கையில் கொடுத்த ஏபிகே

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. செயலி நன்றாக வந்திருக்கிறது. அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். கடைசிப் பத்தியில் போகிறபோக்கில் ஒரு கேள்வி போட்டிருந்தாயே, அதுதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது. “ஏபிகேயை நானே தயாராகத் தருகிறேன். அதை அப்படியே எடுத்துப் போட எஃப்-டிராய்டுகாரர்களுக்கு என்ன கஷ்டம்? எதற்கு மறுபடி முதலிலிருந்து பில்டு செய்கிறார்கள்? என்மேல் நம்பிக்கை இல்லையா?”

இல்லைதான். உன்மேல் மட்டுமல்ல, யார்மேலும் இல்லை. அதற்காகத்தான் திறமூலச் செயலிகளை விநியோகிக்கும் அந்தத் தளமே இருக்கிறது.

மூலநிரலைக் கிட்ஹப்பில் ஏற்றி, ஒரு டேக் போட்டு, பக்கத்தில் நிறுவத் தயாரான கோப்பாக ஏபிகேயை வைத்துவிட்டால் வெளியீடு முடிந்தது என்று உன் வயதுக்காரர்கள் பலர் நினைக்கிறார்கள். மற்ற தளங்களெல்லாம் எடுத்து அடுக்கிவைக்க வேண்டிய அலமாரிகளாம். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மூலநிரல் திறந்து கிடக்கிறது என்பது ஒரு கூற்று. பயனர் கைபேசியில் ஓடுவது அதே மூலநிரலிலிருந்து பிறந்ததுதான் என்பது வேறொரு கூற்று. முதலாவதை யார் வேண்டுமானாலும் வந்து பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவதற்கு உன் வாய்வார்த்தையைத் தவிர என்ன சான்று வைத்திருக்கிறாய்? மாவு மில்லில் தன் அரிசி அரைபடும்வரை இயந்திரத்தின் முன்னாலேயே நிற்கும் பாட்டியைப் பார்த்திருப்பாய். மில்காரர் திருடன் என்று அவள் நினைப்பதில்லை. தன் கண்ணெதிரே அரைபடாத மாவை வீட்டுக்கு எடுத்துப்போக மாட்டாள், அவ்வளவுதான்.

எக்ஸ்இசட் என்ற சுருக்க நூலகத்தில் பின்கதவு வைத்த விவகாரம் உனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் எல்லோரும் அதைத் துப்பறியும் கதையாகவே நினைவில் வைத்திருக்கிறீர்கள். எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கண்டு ஆந்த்ரெஸ் ஃபிராய்ண்ட் தோண்டப்போனது, 2024 மார்ச் 29 அன்று பின்கதவை உலகுக்கு அறிவித்தது, ‘ஜியா டான்’ என்ற பெயருக்குப் பின்னால் இருந்த ஆள் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக நல்லபிள்ளையாக ஒட்டுகள் அனுப்பிப் பராமரிப்பாளரின் நம்பிக்கையைச் சம்பாதித்தது என்று ஒன்றுவிடாமல் சொல்வீர்கள். எனக்குச் சுவாரசியம் வேறு இடத்தில்.

பின்கதவின் பெரும்பகுதி, சோதனைக் கோப்புகள் என்ற வேடத்தில், கிட் களஞ்சியத்திலேயே கிடந்தது. யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். பார்த்தாலும் உயிரற்ற குப்பை. அதை எழுப்பிவிடும் சில வரிகள் களஞ்சியத்தில் எங்கும் இல்லை. 5.6.0, 5.6.1 ஆகிய இரு பதிப்புகளுக்காகக் கட்டித் தந்த மூலநிரல் தொகுப்புகளான டார்பால்களில் மட்டும், ஓர் எம்4 கோப்புக்குள் இருந்தன. அந்த வகைக் கோப்புகளை வெளியீட்டு நேரத்தில் கருவிகளே கொண்டுவந்து சேர்க்கும். அதனால் களஞ்சியத்தில் இல்லாத ஒன்று டார்பாலில் இருப்பதைப் பார்த்து யாரும் புருவம் உயர்த்தவில்லை. அதுமட்டுமா? 64 பிட் இன்டெல் வகை லினக்ஸில், டெபியன் பொதியாகவோ ஆர்பிஎம் பொதியாகவோ பில்டு ஆகும்போது மட்டும்தான் அது விழித்துக்கொள்ளும். விநியோகம் செய்பவர்கள் களஞ்சியத்திலிருந்து எடுக்க மாட்டார்கள், கையில் கொடுத்த டார்பாலைத்தான் எடுப்பார்கள் என்று வைத்தவனுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

நீ கேட்பதும் அதே சலுகையைத்தான்.

ஜியா டானையும் உன்னையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று முகத்தைத் தூக்கிக்கொள்ளாதே. உன் மடிக்கணினியில் என்ன நுழைந்திருக்கிறது என்று உனக்கே தெரியாது. கென் தாம்சன் 1984இல் தன் டூரிங் விருது உரையை எழுத்தாக வெளியிட்டார். மூன்றே பக்கம். அந்த அச்சுப் பிரதி என் மேசை இழுப்பறையில் பழுப்பேறிக் கிடக்கிறது. எந்த மாணவர் வந்தாலும் எடுத்து நீட்டிவிடுவேன், பெரும்பாலும் படிக்காமலே திருப்பிக் கொடுப்பார்கள். மூலநிரலில் எந்தக் களங்கமும் இல்லாதபோதும், கம்பைலருக்குள் ஒளிந்த ஒன்று அது பெற்றெடுக்கும் நிரலில் பின்கதவை வைக்க முடியும், தன்னைத் தானே மறுபடி பெற்றுக்கொள்ளவும் முடியும் என்று அதில் காட்டியிருப்பார். பாதுகாப்பைப் பற்றித் தலையணை தலையணையாக எழுதித் தள்ளியிருக்கிறார்கள். அந்த மூன்று பக்கத்துக்கு ஈடாக ஒன்றையும் நான் கண்டதில்லை. நீயாவது படி.

இங்கே நீ என்னை மடக்கலாம். விநியோகிகள் மட்டும் யோக்கியமா? இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஓப்பன்எஸ்எஸ்எச்சின் அசல் நிரலுக்கும் எக்ஸ்இசட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சிஸ்டம்டிக்காக டெபியன் போன்றவர்கள் போட்ட ஒட்டு வழியாகத்தான் அது உள்ளே வந்தது. அதே டெபியன் 2006இல் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஓர் எச்சரிக்கைச் செய்தியை அடக்கக் கைவைக்கப்போய், சாவிகளின் தற்செயல்தன்மையையே அழித்துவிட்டது. ஒவ்வொரு வகைச் சாவிக்கும் சில பத்தாயிரம் சாத்தியங்களே மிஞ்சின என்பது 2008 மே மாதம்தான் வெளியே வந்தது. சோர்ஸ்ஃபோர்ஜ் இன்னும் ஒருபடி மேலே போனது. ஜிம்ப் குழு அங்கிருந்து கிளம்பிப் போன பிறகும், 2015இல் ஜிம்ப்பின் விண்டோஸ் நிறுவிக்கு விளம்பரப் பொதியைச் சுற்றிக் கொடுத்தது. ஆக, விநியோகியையும் நம்பாதே. நீ பில்டு செய்ததும் அவர்கள் பில்டு செய்ததும் பைட்டுக்குப் பைட் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வழி. இரண்டு பேரையும் ஒரே சமயத்தில் கெடுப்பது ஒருவனைக் கெடுப்பதைவிடக் கடினம்.

இன்னொன்றும் என் வயிற்றெரிச்சல். 2021 ஆகஸ்டு முதல் ப்ளே ஸ்டோரில் புதிய செயலியை ஏபிகேயாக ஏற்ற முடியாது. பண்டிலாகத்தான் ஏற்ற வேண்டும். ஏபிகேயை கூகுளே உண்டாக்கி, தன்னிடம் இருக்கும் சாவியால் கையொப்பமிடுகிறது. அதற்கு நீ ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ‘சரி’ அழுத்தியிருக்கிறாய். என்ன செய்கிறோம் என்று ஒவ்வொரு வரியையும் திறந்து காட்டி, பில்டு பதிவேட்டையும் வெளியிடும் தன்னார்வலர்களிடம்தான் உனக்கு ரோஷம் வருகிறது!

உன் நடைமுறைச் சிக்கல் உண்மையானது. எஃப்-டிராய்டு வழக்கமாகத் தன் சாவியால் கையொப்பமிடும். கிட்ஹப்பில் உன் ஏபிகேயை நிறுவியவர் அங்கிருந்து புதுப்பிக்கப் போனால், கையொப்பம் பொருந்தவில்லை என்று ஆண்ட்ராய்டு மறுத்துவிடும். பழையதை நீக்கிவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும். சேர்த்துவைத்த தரவெல்லாம் போய்விடும். இதற்கும் அவர்களிடம் வழி உண்டு. மூலநிரலிலிருந்து அவர்கள் உண்டாக்கிய ஏபிகே, கையொப்பம் நீங்கலாக, உன்னுடையதோடு அச்சாகப் பொருந்தினால் உன் கையொப்பத்தோடேயே வெளியிடுவார்கள். நீ கேட்டது கிடைக்கும், சான்றோடு கிடைக்கும்.

பொருந்த வைப்பது எளிதல்ல. நிரலுக்குள் பில்டு தேதியைப் பதித்திருக்கிறாய், அதை எடு. கமிட் தேதியைப் பயன்படுத்து. கோப்புகளை அடுக்கும் வரிசை கணினிக்குக் கணினி மாறாமல் பார்த்துக்கொள். ஆண்ட்ராய்டின் பில்டு கருவி, சார்புநிலைப் பட்டியல் ஒன்றை கூகுள் மட்டுமே பிரிக்கும்படி மறையாக்கி ஏபிகேயின் கையொப்பப் பகுதியில் செருகும். கிரேடில் அமைப்பில் அதை அணைத்துவிடு. எவரும் படிக்க முடியாத ஒன்றைத் திறமூலச் செயலிக்குள் வைத்திருப்பானேன்? ஃபயர்பேஸையும் கழற்று, அதன் மூலநிரல் முழுக்கத் திறந்ததல்ல. அது இருந்தால் எஃப்-டிராய்டின் சோதனையில் உன் செயலி அங்கேயே நின்றுவிடும்.

உன் களஞ்சியத்தைப் பார்த்தேன். 1.2 என்று டேக் போட்டுவிட்டு, எழுத்துப் பிழை ஒன்றைத் திருத்தி, அதே டேக்கை நகர்த்தியிருக்கிறாய். இனி அதைச் செய்யாதே. முதலில் இறக்கியவனிடம் ஒரு 1.2, பிறகு இறக்கியவனிடம் வேறொரு 1.2. எதை எதனோடு ஒப்பிடுவது? ஒரே எழுத்து மாறினாலும் 1.2.1 போடு, வெர்ஷன் கோடை ஒன்று கூட்டு. எண்களுக்கு யாரும் காசு கேட்பதில்லை.

அடுத்த முறை பில்டு தோற்றால் பதிவேட்டின் கடைசிச் சில வரிகளை மட்டும் வெட்டி அனுப்பாதே, முழுவதையும் அனுப்பு. பிழை முதலில் தலைகாட்டிய இடம் அநேகமாக மேலேதான் இருக்கும்.

அன்புடன்,
உன் ஆசிரியர்