பழைய லினக்ஸ் சர்வரை இடம் மாற்றிய பிறகு ஏறவில்லையா? வரிசையாகப் பாருங்கள்

"சர்வர் வேலை செய்யலைங்க, நாளைக்கு வாங்க." சான்றிதழுக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவரிடம் இதைச் சொல்வது யாருக்கும் பிடிக்காது. பழைய சர்வரை இடம் மாற்றும் வேலையில் இருப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சென்ட்ஓஎஸ் 6-க்கான ஆதரவு 2020 நவம்பர் 30-இல் முடிந்தது. சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30-இல் முடிந்தது. ஆனாலும் இவற்றை நம்பி ஓடும் பழைய மென்பொருள்கள் இன்னும் இருக்கின்றன. அப்படி ஒரு மெய்நிகர் இயந்திரத்தை விஎம்வேரிலிருந்து கேவிஎம்முக்கு அப்படியே தூக்கி வைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். காப்பி முடிந்தது, ஆனா ஏற மாட்டேங்குது. என்ன பண்றது?

பதற வேண்டாம். பெரும்பாலும் தரவு கெட்டிருக்காது. அதற்குப் பழக்கமான ஹார்டுவேர்தான் மாறியிருக்கும். வீடு மாறியவர் இருட்டில் பழைய ஸ்விட்ச் இருந்த இடத்தையே தடவுவது மாதிரிதான். எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

கிளம்பும் முன்

- ஸ்னாப்ஷாட் இருந்தால் முதலில் ஒன்றாக இணைத்துவிடுங்கள். அடிப்படை டிஸ்க்கை மட்டும் எடுத்தால் பழைய நிலைதான் வரும்.
- பயாஸா, யூஈஎஃப்ஐ-யா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐபி முகவரியையும் எழுதி வையுங்கள்.
- டேட்டாபேஸை நிறுத்தி, சர்வரை முறையாக அணைத்த பிறகே காப்பி எடுங்கள்.
- பழைய இயந்திரத்தை அழிக்காதீர்கள். ஆனால் நெட்வொர்க்கைத் துண்டித்து வையுங்கள். ஒரே ஐபியில் இரண்டும் ஓடினால் குழப்பம்தான்.

படி 1: பூட் டிஸ்க்கே இல்லை என்கிறது

பழையது பயாஸில் ஓடி, புதியதை யூஈஎஃப்ஐ-யில் உருவாக்கியிருந்தால் இப்படி வரும். புதிய இயந்திரத்தின் அமைப்பைப் பழையதுபோல மாற்றினால் போதும்.

படி 2: கெர்னல் தொடங்கி, டிராகட் திரையில் நிற்கிறது

அதிகமாகத் தலைவலி தருவது இதுதான். சென்ட்ஓஎஸ் 7, பூட் ஆகத் தேவையான இனிட்ராம்எஃப்எஸ் கோப்பில் அந்த இயந்திரத்துக்கு வேண்டிய டிரைவர்களை மட்டுமே வைக்கிறது. கேவிஎம்மின் விர்ட்ஐஓ டிஸ்க்குக்கான டிரைவர் அதில் இல்லாவிட்டால், ரூட் டிஸ்க் அதன் கண்ணுக்கே தெரியாது.

பூட் மெனுவில் 'ரெஸ்க்யூ' என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அதில் பொதுவான டிரைவர்கள் இருக்கும். உள்ளே போனதும் டிராகட் கட்டளையால் விர்ட்ஐஓ டிரைவர்களைச் சேர்த்து இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி உருவாக்குங்கள். இங்கே ஒரு கவனம்: ரெஸ்க்யூ கெர்னல், சர்வரை நிறுவிய காலத்துப் பதிப்பாக இருக்கலாம். அதனால் வழக்கமாக ஓடும் கெர்னலின் பதிப்பு எண்ணைக் கட்டளையில் தெளிவாகக் கொடுங்கள். இல்லாவிட்டால் வேறு கெர்னலுக்குக் கோப்பு உருவாகும். மறுபடி அதே திரைதான்.

இன்னும் காப்பி எடுக்கவில்லையா? இதே வேலையைப் பழைய இடத்திலேயே செய்துவிடுங்கள். அதுதான் சுலபம்.

படி 3: ஒன்றரை நிமிடம் காத்திருந்து, ரூட் பாஸ்வேர்டு கேட்கிறது

எஃப்எஸ்டேப் கோப்பைப் பாருங்கள். அங்கே டிஸ்க்கின் பெயர் 'எஸ்டிஏ' என்று எழுதியிருக்கும்; புதிய இடத்தில் அது 'விடிஏ' ஆகியிருக்கும். பெயருக்குப் பதிலாக யூயூஐடி எழுதுங்கள். அது டிஸ்க்கோடு கூடவே வரும். எந்த எண் என்று பிஎல்கேஐடி கட்டளை காட்டும்.

படி 4: ஏறிவிட்டது, ஆனா நெட்வொர்க் இல்லை

சென்ட்ஓஎஸ் 6 பழைய கார்டின் மேக் முகவரியை நினைவில் வைத்திருக்கும். புதிய கார்டுக்கு 'ஈத்0' தராமல் 'ஈத்1' என்று பெயர் வைக்கும். '70-பெர்சிஸ்டென்ட்-நெட்' விதிக் கோப்பை வேறு இடத்துக்கு நகர்த்துங்கள். 'ஈத்0' அமைப்புக் கோப்பில் உள்ள பழைய மேக் வரியை நீக்கிவிட்டு ரீபூட் செய்யுங்கள். சென்ட்ஓஎஸ் 7-இல் கார்டின் பெயரே மாறியிருக்கலாம். புதிய பெயரைப் பார்த்து, அதன்படி அமைப்புக் கோப்பைத் திருத்துங்கள்.

படி 5: முழுச் சோதனை

பிங் வந்துவிட்டது என்று நிறுத்திவிடக் கூடாது. சர்வரின் நேரம் சரியா, ஃபயர்வால் வழி விடுகிறதா, மற்ற சர்வர்களோடு இணைகிறதா என்று பாருங்கள். ஒரு சோதனை விண்ணப்பத்தைப் பதிவு செய்து, சான்றிதழ் அச்சாகும் வரை கொண்டுபோங்கள்.

பழைய இடத்துக்குத் திரும்புவதா என்ற முடிவைக் கவுன்ட்டர் திறக்கும் முன்பே எடுத்துவிடுங்கள். புதிய சர்வரில் மக்களின் விண்ணப்பங்கள் பதிவாகத் தொடங்கிய பிறகு பழையதுக்குத் திரும்பினால், அந்தப் பதிவுகள் அங்கே இருக்காது.

இடம் மாறியதால் பழைய சர்வர் பாதுகாப்பாகிவிடாது. பாதுகாப்புத் திருத்தங்கள் அதற்கு இனியும் வரப்போவதில்லை. நேரடி இணையத் தொடர்பில் அதை வைக்காதீர்கள். கிடைத்திருக்கும் அவகாசத்தில் மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றும் வேலையைத் தொடங்கிவிடுங்கள்.